சர்க்கரை உருண்டையின் வாய்ப்புச் செலவு

கீமோதெரபி தரும் வயிற்றுக் கோளாறுக்கும் மனப் பதற்றத்துக்கும் ஹோமியோபதி உருண்டைகளை நாடுவோர் உண்டு. குமட்டலுக்குத் தரப்படும் 'நக்ஸ் வாமிகா', எட்டிக்கொட்டையிலிருந்து தயாராவது. '30சி' வீரியம் என்றால், அதை நூறில் ஒரு பங்காக முப்பது முறை நீர்க்கச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். மூலப்பொருளின் ஒரு மூலக்கூறுகூட எஞ்ச வாய்ப்பில்லை. ஹோமியோபதி எந்த நோய்க்கும் பலனளிப்பதாக நம்பகமான சான்றில்லை என ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 2015-இல் அறிவித்தது.

விலை மலிவுதானே, தீங்கென்ன என்பர். ஒன்றைத் தேர்வதால் கைநழுவும் மற்றொன்றையே பொருளியல் 'வாய்ப்புச் செலவு' என்கிறது. குமட்டலைத் தடுக்க ஒண்டன்செட்ரான் இருக்கிறது. பதற்றத்துக்கு மனநல ஆலோசனை இருக்கிறது. சிகிச்சைக் காலத்தில் காய்ச்சலோ ஓயாத வயிற்றுப்போக்கோ கண்டால், உருண்டையை நம்பிக் கழியும் ஒவ்வொரு மணி நேரமும் உயிரின் விலை. உண்பவர் மருத்துவரிடம் மறைக்கலாகாது. மருத்துவரும் கடிந்துகொள்ளாமல் கேட்க வேண்டும்.