உஷார்! ஜவ்வாது மலையில் 'மலிவு நிலம்' என்று யாராவது கூப்பிட்டால்...

ஜவ்வாது மலையில் ஏக்கர் கணக்கில் நிலம் சல்லிசாக வருகிறது என்று ஒரு தரகர் உங்களிடம் சொன்னால், ஒரு ரூபாய்கூட எடுத்து நீட்டாதீர்கள். கிரய ஒப்பந்தம் வேண்டாம், பவர் பத்திரம் வேண்டாம், 'சும்மா ஒரு டோக்கன் அட்வான்ஸ்' அதுவும் வேண்டாம். உங்கள் ஆயுள் சேமிப்பு மலையேறிப் போய்த் திரும்பாமல் போகலாம். அதைவிட மோசம், நீங்கள் அறியாமலே ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வாழ்வாதாரத்தைப் பறித்தவராகி, குற்ற வழக்கில் நிற்க நேரலாம்.

ஆசை வருவதில் வியப்பில்லை. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என மூன்று மாவட்டங்களில் விரிந்து கிடக்கும் மலை இது. சாமைக் கொல்லை, பலா, புளி, தேன், ஜமுனாமரத்தூரில் கோலப்பன் ஏரி, பீமன் அருவி. காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம். 1986-ல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி திறக்கப்பட்டது. பக்கத்திலேயே ஏலகிரி ரிசார்ட்டுகளால் நிரம்பிவிட்டது. அடுத்த ஏலகிரி இதுதான் என்று சொல்லி விற்பது எளிது. நகரத்து வாடகை வீட்டில் மூச்சு முட்டும் குடும்பத்துக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும்.

ஆனால் அந்த நிலம் யாருடையது?

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். ஊரைச் சுற்றிப் பெரும்பகுதி காப்புக்காடு. காப்புக்காட்டை விற்க எவராலும் முடியாது. மிச்சமிருப்பதில் ஒரு பகுதி, 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி வழங்கப்படும் உரிமை நிலம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தை உழுது வாழ்ந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, அதிகபட்சம் 4 ஹெக்டேர் வரை, கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரப்படுவது அது. பிள்ளைகளுக்குப் போகும், விற்கவோ வேறு யாருக்கும் மாற்றவோ முடியாது என்று சட்டத்தின் 4(4) பிரிவே சொல்கிறது. இன்னொரு பகுதி அரசு ஒப்படை செய்த நிபந்தனைப் பட்டா. நிபந்தனையை மீறி வாங்கினால் ஒப்படையையே ரத்து செய்து அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். காசு கொடுத்தவருக்கும் நிலமில்லை, உழுதவருக்கும் நிலமில்லை.

மூன்றாவது வகை, தாத்தா பெயரில் கிடக்கும் பழைய பட்டா. தரகர்கள் பெரிதும் காட்டுவது இதைத்தான். "பாருங்க சார், ஒரு வில்லங்கமும் இல்ல." வில்லங்கச் சான்றில் ஒன்றும் இல்லை என்றால், அங்கே எதுவும் பதிவாகவில்லை என்றுதான் பொருள், உரிமை தெளிவாக இருக்கிறது என்று பொருளல்ல. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலொழிய, பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது. பங்கு அவர்களின் வழக்கப்படி பிரியும். கையெழுத்துப் போட்டவர் ஒருவராக இருப்பார். நாளைக்குப் பங்கு கேட்டு நிற்பவர்கள் பத்துப் பேராக இருப்பார்கள், அவர்கள் கேட்பது நியாயமாகவும் இருக்கும்.

"ஆந்திராவில்தான் தடை, தமிழ்நாட்டில் இல்லை" என்பார்கள். இது பாதி உண்மை. அதனாலேயே ஆபத்தான பேச்சு. ஆந்திராவின் பட்டியல் பகுதிகளில் பழங்குடி நிலம் வெளியாருக்குப் போகாதபடி 1959-ல் ஒழுங்குமுறை வந்து, 1970-ல் கடுமையாக்கப்பட்டது. '1/70' என்றே அதை அழைக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஒன்றுகூட அறிவிக்கப்படவில்லை, அதற்கு நிகரான சட்டமும் இல்லை. இது நம் மாநிலம் வெட்கப்பட வேண்டிய குறை. ஆனால் அந்தக் குறை உங்களைக் காப்பாற்றாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இங்கும் உண்டு. பழங்குடியினரின் நிலத்தை முறைகேடாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்வதும், அதிலிருந்து அவர்களை வெளியேற்றுவதும் குற்றம். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. மிரட்டி வாங்கிய சம்மதமும், ஆவணத்தைத் திரித்து முடித்த மாற்றமும் முறைகேடுதான். மரம் அடர்ந்த இடம் 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்தால், உரிய குழுவின் முன் அனுமதி இல்லாமல் விற்கவும் கூடாது, மரம் வெட்டவும் கூடாது.

இதற்கெல்லாம் ஒரு 'வழி' சொல்வார்கள்: ஊர்க்காரர் ஒருவர் பெயரில் நிலம், உங்கள் கையில் பவர். தயவுசெய்து இதில் விழாதீர்கள். பொதுப் பவரை வைத்து நடக்கும் விற்பனை உரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்துவிட்டது. அடுத்தவர் பெயரில் உங்கள் பணத்தைப் போட்டால் அது பினாமி. 2016 திருத்தத்துக்குப் பிறகு ஓராண்டு முதல் ஏழாண்டு வரை சிறை, சொத்தின் சந்தை மதிப்பில் கால் பங்கு வரை அபராதம், சொத்தும் பறிமுதல்.   

சரி, நிலம் எப்படியோ கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அங்கே வாழ்வது எப்படி? நாம் 'அமைதி' என்று ரசிப்பது பல குக்கிராமங்களில் சாலை இல்லாத கொடுமை. 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு அருகே அல்லேரி மலையில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் உயிர் போயிற்று. பிரேதப் பரிசோதனைக்குப் பின் ஆம்புலன்ஸால் மேலே போக முடியவில்லை; தாய் குழந்தையின் உடலைக் கைகளில் ஏந்தி நடந்தார். காப்புக்காட்டுக்குள் சாலை போட வன அனுமதி வேண்டும். கிராமசபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்கு உட்பட்ட பணிக்கு மாவட்ட வன அலுவலரே அனுமதி தரலாம் என்று வன உரிமைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. இருந்தும் இன்னும் எத்தனை குக்கிராமங்கள் டோலி கட்டித் தூக்குகின்றன! அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை. இரத்த அழுத்த மாத்திரையோடு ஓய்வுக்காலம் கழிக்கப் போகிறவர் இதை யோசிக்க வேண்டாமா?

சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. 2022 ஏப்ரல் 2, யுகாதி நாள். திருப்பத்தூர் பக்கம் புதூர்நாடு அருகே சேம்பறை மலைக்கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் சென்ற சரக்கு வேன் கவிழ்ந்து 11 பேர் இறந்தனர். பஸ் போகாத தடத்தில் சரக்கு வேன்தான் வண்டி என்பது மலை மக்களின் கட்டாயம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சரக்கு வண்டியில் பயணியாக ஏறினால் காப்பீட்டு நிறுவனமும் பொதுவாகக் கைவிரித்துவிடும். போளூரிலிருந்தோ ஆலங்காயத்திலிருந்தோ அமிர்தி வழியாகவோ போங்கள். பகலில் ஏறி, இருட்டுவதற்குள் தங்குமிடம் சேருங்கள். வடகிழக்குப் பருவமழை வலுத்திருக்கும் நாளில் மலைச்சாலையையும் அருவியையும் நம்பாதீர்கள்.

மீண்டும் நிலத்துக்கு வருவோம். இத்தனைக்குப் பிறகும் யாரேனும் நிலம் காட்டினால், சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு தாலுகா அலுவலகத்துக்குப் போங்கள். ஒப்படை நிலமா என்று பதிவேட்டில் பார்க்கச் சொல்லுங்கள். நிபந்தனை நகலைக் கேளுங்கள். காப்புக்காட்டு எல்லைக்கு உள்ளா வெளியா என்று மாவட்ட வன அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். தரகர் கொண்டுவரும் ஜெராக்ஸை மட்டும் நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

மலையில் வாழும் அண்ணன்மாரே, அக்காமாரே, உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை படிப்புக்கு, வைத்தியச் செலவுக்கு என்று அவசரத்தில் யார் நீட்டும் தாளிலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். குத்தகைப் பத்திரம் என்று சொல்லிப் பவர் எழுதி வாங்கிவிடலாம். முதலில் படித்த பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்க வேண்டாம். பழங்குடியினருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்ட உதவி இலவசம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் இன்றே கூப்பிடுங்கள்.