லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு எப்போது மெஷினில் உட்காரலாம்?

பெங்களூரில் பீன்யாவிலும் மைசூர் சாலையிலும் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போகும் பெண்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுத்து, இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வயிற்றில் மூன்று நான்கு சின்னப் பிளாஸ்திரிதான். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் தண்ணீர்க் குடம் தூக்க விடுகிறார்கள். “துளை ஆபரேஷன்தானே, திங்கட்கிழமை வந்துவிடு” என்கிறார் சூப்பர்வைசர். அவளும் போய்விடுகிறாள், பத்தாம் நாள் ரத்தப்போக்கோடு மருத்துவமனையில் நிற்கிறாள்.

பித்தப்பையை வயிற்றைத் திறந்து எடுத்தால் தேற 4 முதல் 6 வாரம் ஆகும். துளை வழியே எடுத்தால் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் எழுந்து நடமாடுவார்கள். கர்ப்பப்பை அப்படியில்லை. முழுதாக எடுத்தால், எந்த வழியில் எடுத்தாலும் உள்ளே போட்ட தையல் ஆற 6 வாரமாவது வேண்டும். அதுவரை கனம் தூக்கக் கூடாது. வெளித் தழும்பை வைத்து நாள் குறிக்காதீர்கள்.

உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருப்பது சோம்பேறித்தனமும் இல்லை, நடிப்பும் இல்லை. காயத்தை ஆற்றும் வேலைக்கே உடம்பின் தெம்பு போய்விடுகிறது. மாதக்கணக்கில் உதிரம் கொட்டிய பிறகு ஆபரேஷனுக்கு வந்தவளுக்கு ரத்தசோகையும் சேர்ந்திருக்கும். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வாருங்கள். படுத்தே கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள்.

இனி காகிதம். இதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் உள்ளவருக்கு நோய்க்கால விடுப்பில் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை உண்டு. உரிய 6 மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். முதல் 2 நாளுக்குப் பொதுவாகப் பணம் வராது.

சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னது செல்லாது. தனியார் மருத்துவரின் சீட்டை மட்டும் நம்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியோடு உங்கள் ஈ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய் அங்குள்ள மருத்துவரிடம் படிவம் 7 சான்று வாங்குங்கள். நடக்க முடியாவிட்டால் வீட்டாரை அனுப்பி வழி கேளுங்கள். விடுப்பு நீண்டால் இடைச் சான்று, வேலைக்குத் திரும்பும்போது இறுதிச் சான்று. நடுவில் ஒரு சான்று விட்டுப்போனாலும் அந்த நாட்களின் பணம் சிக்கும். படிவம் 9-ஐ நிரப்பிக் கிளை அலுவலகத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்குங்கள். “நாளைக்கு வா” என்று அனுப்பினால் எழுத்தில் கேளுங்கள். ஒரு கையெழுத்துக்காகத் தையல் ஆறாத பெண்ணை மூன்று பஸ் மாற வைப்பது அநியாயம். எல்லாத் தாளையும் நகல் எடுத்த பிறகே கொடுங்கள். சான்று ஓடும் நாட்களில் வேலைக்குப் போனால் அந்த நாளுக்குப் பணம் கிடையாது.

மறுபடி சொல்கிறேன், இறுதிச் சான்று கைக்கு வராமல் மெஷினில் உட்காராதீர்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, புதிதாக ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம், மூச்சுத்திணறல், இவற்றில் ஒன்று வந்தாலும் டிஸ்பென்சரி திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரவானாலும் போங்கள்.