உஷார்! தடுக்கப் போகும் முன் இதைப் படியுங்கள்

மைசூரு என்றால் நமக்குத் தசரா, அரண்மனை விளக்கு, மைசூர்பாகு. அமைதியான ஊர், அங்கே என்ன ஆகிவிடப்போகிறது என்றுதான் பிள்ளைகளைப் படிக்க அனுப்புகிறோம். கொஞ்சம் நில்லுங்கள்!

2021 ஆகஸ்ட் 23, மாலை நேரம். மைசூரு வித்யாரண்யபுரத்தில் ஒரு நகைக்கடைக்குள் கொள்ளைக் கும்பல் புகுந்தது. கடைக்காரரை அடித்துப் போட்டது. அந்த நேரம் பார்த்துக் கடைக்கு வந்தார் 23 வயது இளைஞர் ஒருவர். தப்பி ஓடிய கும்பல் சுட்டதில் குண்டு அவர்மீது பாய்ந்தது. உயிர் போய்விட்டது.

மறுநாளே, சாமுண்டி மலை அடிவாரத்தில், லலிதாத்ரிபுரம் பக்கம் ஒரு கல்லூரி மாணவியையும் அவருடைய நண்பரையும் வேறொரு கும்பல் வளைத்தது. நண்பரை அடித்து வீழ்த்திவிட்டு அந்தப் பெண்ணை... எழுதவே மனம் பதறுகிறது. கூப்பிட்டால் ஓடிவர ஆளில்லாத இடம். சில நாட்களில் போலீஸ் ஐந்து பேரைப் பிடித்தது. எல்லாரும் நம் திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள்.

அப்போ, ஆள் நடமாடும் தெருவில் முன்பின் தெரியாத ஒருவரை யாரோ அடிக்கிறார்கள். நாம் போகலாமா, கூடாதா?

"நமக்கெதற்கு வம்பு, ஒதுங்கிப் போ" என்று நான் சொல்ல மாட்டேன். 2016 ஜூன் 24 காலையில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஒரு பெண் வெட்டிக் கொல்லப்பட்டபோது நடைமேடையில் ஆட்கள் இருந்தார்கள். 2023 மே மாதம் டெல்லி ஷாபாத் டெய்ரியில் 16 வயதுச் சிறுமியை ஒருவன் குத்திக்கொண்டே இருக்க, பக்கத்தில் ஆட்கள் நடந்து போனது கேமராவில் பதிவானது. அது நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால்? போகத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் போகிறோம் என்பதில்தான் உங்கள் உயிர் இருக்கிறது!

மும்பையில் நடந்ததைக் கேளுங்கள். 2011 அக்டோபர் 20 இரவு, அந்தேரி அம்போலியில் நண்பர்கள் சாப்பிட்டுவிட்டு வெளியே நின்றார்கள். கூட இருந்த பெண்களிடம் ஒருவன் வம்பு செய்தான். இரண்டு இளைஞர்கள் தட்டிக் கேட்டார்கள். அவன் போய்விட்டான். அப்பாடா என்று இவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சற்று நேரத்தில் அவன் கும்பலோடு, கத்தியோடு திரும்பி வந்தான். சுற்றி நின்றவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. தட்டிக் கேட்ட இருவருமே உயிரிழந்தார்கள். 2016இல் நான்கு பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. போன பிள்ளைகள் வருவார்களா?

வம்பு செய்துவிட்டுப் போனவன் திரும்பி வருவான்! இதை மறக்கவே மறக்காதீர்கள். சண்டை அடங்கியது என்று அங்கேயே பேசிக்கொண்டு நிற்காதீர்கள். காப்பாற்றியவரையும் கூட்டிக்கொண்டு, வெளிச்சமும் ஆளும் உள்ள கடைக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ உடனே போய்விடுங்கள்.

வேறு எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? அடிப்பவனின் கை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு கை சட்டைக்குள்ளோ முதுகுப் பக்கமோ இருந்தால் கிட்டே போகாதீர்கள். சற்றுத் தள்ளி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் பைக்கோ காரோ நின்றால், கூட வந்தவர்கள் அதில் இருக்கலாம். குடித்திருக்கிறானா? அவனிடம் நியாயம் பேசாதீர்கள். கத்தி, அரிவாள், துப்பாக்கி கண்ணில் பட்டால் வெறுங்கையோடு நெருங்கவே கூடாது. தூரத்தில் நின்று கத்துங்கள், வண்டி ஹாரனை விடாமல் அடியுங்கள், கடைக்காரர்களை எழுப்புங்கள். அவன் ஓடினால் ஓடட்டும். வழியை மறிக்காதீர்கள், ஓட வழி இல்லாதவன்தான் குத்துவான்.

இன்னொரு ஆபத்து, பலருக்குத் தெரியாதது. ஒரு கூட்டமே ஒருவரை அடிக்கிறது, "பிள்ளை பிடிக்க வந்தவன்" என்கிறார்கள். உடனே நாமும் ஒரு அடி போடலாமா? ஐயோ, வேண்டாம்! 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, கோயிலுக்கு வந்த வயதான பெண்மணி குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதற்காக அவரை அடித்தே கொன்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் கர்நாடகத்தின் பீதர் மாவட்டத்தில் ஒரு மென்பொருள் பொறியாளரும் இதே வதந்தியால் கொல்லப்பட்டார். இரண்டு ஊரிலும் அடித்தவர்கள் தாங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அடி வாங்குகிறவர்தான் நீங்கள் காப்பாற்ற வேண்டிய ஆள்.

கூட்டம் இருக்கிறதே, யாராவது போன் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? அதுதான் பொறி! 1968இல் டார்லி, லட்டானே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு வலிப்பு வந்த சத்தம் தனக்கு மட்டும்தான் கேட்டது என்று நம்பியவர்களில் 85 சதவீதம் பேர் உடனே உதவி தேடினார்கள். இன்னும் நாலு பேருக்கும் கேட்டிருக்கும் என்று நம்பியவர்களில் 31 சதவீதம் பேர்தான் தேடினார்கள். ஆகவே "யாராவது வாங்க" என்று பொதுவாகக் கத்தாதீர்கள். கையை நீட்டி ஆளைக் குறிப்பிடுங்கள்: "நீலச் சட்டை அண்ணா, நீங்க 112க்குப் போன் போடுங்க! டீக்கடை அண்ணா, நீங்க என்கூட வாங்க!" ஒருவர் அசைந்தால் மற்றவர்கள் வருவார்கள். இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா நகரங்களில் கேமராவில் பதிவான 219 தெருச் சண்டைகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவராவது தலையிட்டிருந்தார். மனிதர்கள் அவ்வளவு மோசமில்லை. மைசூருவில் இருந்தால், கன்னடம் தெரியாதே என்று தயங்காதீர்கள். "போலீஸ், போலீஸ்" என்று கத்தினால் எந்த ஊரிலும் புரியும்.

ஆயுதம் இல்லை, வெறும் வம்புதான் என்றால் வம்பு செய்பவனோடு பேசவே வேண்டாம். வம்புக்கு ஆளான பெண்ணிடம் போய், "அக்கா, இங்கேயா இருக்கீங்க? வாங்க போலாம்" என்று தெரிந்தவர்போல அழைத்து வந்துவிடுங்கள்.

ஒருவர் காயம் பட்டுக் கிடந்தால் குத்திய கத்தியைப் பிடுங்காதீர்கள், ரத்தம் கொட்டும். சுத்தமான துணியைச் சுற்றிலும் வைத்து அழுத்திப் பிடியுங்கள். போலீஸ் கேஸ் என்று ஆஸ்பத்திரியில் தட்டிக் கழித்தால் விடாதீர்கள். முதலில் சிகிச்சைதான் என்று 1989இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தடுக்கப் போய் நம்மீது வழக்கு வருமா? தாக்கப்படும் வேறொருவரைக் காப்பாற்றும் உரிமையைப் பாரதிய நியாய சன்ஹிதா நமக்குத் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. அவன் விழுந்துவிட்டான், ஆயுதம் போய்விட்டது என்றால் கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் அடித்தால் நீங்கள்தான் குற்றவாளி!

பிறகு பயந்து வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். வண்டி எண், சட்டை நிறம், ஓடிய திசை, எது நினைவிருந்தாலும் போலீஸிடம் சொல்லுங்கள். வீடியோ இருந்தால் அவர்களிடம் கொடுங்கள், குரூப்பில் போடாதீர்கள். 112 என்ற அவசர உதவி எண்ணை இன்று இரவே வீட்டில் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள், வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு முதலில்.