அமாவாசை லீவுக்குப் பழவேற்காடு

சந்தவாசலில் தறி வைத்திருக்கும் வீட்டுக்கு விடுமுறை என்றால் அமாவாசைதான். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் லீவு, தறிக்கு இல்லை. ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர்கள் அமாவாசையன்று தறியில் இறங்காதது பழைய வழக்கம். தறிக்குப் பூ வைத்து, கற்பூரம் காட்டி, பாக்கி வேலைகளை முடித்தால் மாலையில் படைவீடு ரேணுகாம்பாள் கோயில். பிள்ளைகள் நச்சரித்தால் செண்பகத்தோப்பு அணை. அதற்கு மேல் வண்டி போவது அபூர்வம். கடலை டிவியில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் எங்கள் தெருவில் இன்றும் இருக்கிறார்கள்.

அமாவாசையை ஒட்டி இரண்டு நாள் கிடைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது ஒன்றே: பழவேற்காட்டுக்குப் போய் வாருங்கள். சூரியனும் சந்திரனும் ஒரே திசையிலிருந்து இழுக்கிற நாட்கள் அவை. கடலின் ஏற்றமும் வற்றமும் வலுத்திருக்கும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே தண்ணீர் வேகமாகப் போய்வரும். அந்த ஓட்டத்தில்தான் இறால் நகரும். தறிக்காரருக்கு ஓய்வான நாள், ஏரிக்காரருக்கு ஓட்டமான நாள்.

ஆரணி, ஆற்காடு, காஞ்சிபுரம் வழியாகச் சென்னைப் பக்கம் வந்து, பூந்தமல்லி அருகே வெளிவட்டச் சாலையில் ஏறி மீஞ்சூரில் இறங்கினால், அடுத்து பொன்னேரி, அதற்கப்பால் பழவேற்காடு. இருட்டோடு கிளம்பினால் காலைச் சாப்பாட்டு நேரம் தாண்டிச் சேர்ந்துவிடலாம். பெரிய விடுதிகளை எதிர்பார்க்க வேண்டாம். பொன்னேரியில் அறை எடுத்துத் தங்குவார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு மீன் வியாபாரி, குப்பத்தின் கடைசியில் வலை போட்டுவைக்கும் கொட்டகையை ஒழித்துக் கொடுத்தார். மேலே கீற்று, தரையில் மணல், நாலு பாய், ஒரு பல்பு. வாசலில் நின்றால் தண்ணீர் தவிர எதுவும் தெரியாது. எங்கள் ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மலை நிற்கும். ஒன்றுமே மறைக்காத வானத்தைப் பார்த்து என் மாமியார் வெகுநேரம் பேசாமல் நின்றிருந்தார்.

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி பழவேற்காடு ஏரி. அதில் பெரும்பகுதி ஆந்திரத்தில். தென்கோடி மட்டும் தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே நீளமாகக் கிடக்கும் தீவுதான் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா. ஏவுதல் நாளில் மீனவர்கள் கடலுக்குப் போக முடியாது. ஏரியின் தென்முனையில் வந்து சேர்வது ஆரணியாறு. ஆந்திரக் குன்றுகளில் பிறந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வருகிறது. நம் ஆரணிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் கமண்டல நாகநதி செய்யாற்றில் சேர்ந்து, பாலாற்றோடு போய், கல்பாக்கத்தை அடுத்த வாயலூர் பக்கம் கடலைத் தொடுகிறது.

ஏரி பரந்து கிடந்தாலும் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான். பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். இவ்வளவு திறந்து கிடக்கும் தண்ணீரில் யார் எங்கே வலை கட்டலாம் என்பதற்கு இங்கே தலைமுறை தலைமுறையாக ஒரு ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் பாடு. முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல நீரோட்டத்தில் கழி ஊன்றி வலை கட்டும் இடங்களை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். குலுக்கல் போடுவார்கள், இன்றைக்கு நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரும். போலீசும் கோர்ட்டும் இல்லாமலே பெருமளவு சண்டை அடங்கியிருக்கிறது என்பதால் பல நாட்டு ஆய்வாளர்கள் வந்து இதைப் படித்திருக்கிறார்கள். ஆனால் பாட்டில் பங்குள்ள குப்பங்கள் சிலதான். பங்கில்லாத மக்கள் நிறைய. அதையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்த ஏற்பாட்டைச் சரியாகச் சொன்னதாகும்.

பங்கில்லாதவர்களில் இருளர்களும் உண்டு. அவர்களுக்கு வலையும் இல்லை, பெரும்பாலும் படகும் இல்லை. காலையில் வற்றம் தொடங்கியதும் நாலைந்து பெண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். பனையோலையில் முடைந்த கூடை, அதைப் பறி என்கிறார்கள். அதன் வாய்ப்பக்கத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, மோவாய் தண்ணீரில் தொட, முழங்காலிட்டு நகர்கிறார்கள். இரண்டு கையும் சேற்றைத் தடவியபடி முன்னே போகிறது. கலங்கிய தண்ணீர், கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஒரு கை சட்டென்று மூடும், மேலே வரும், இறால் பறிக்குள் விழும், கை மறுபடி உள்ளே போகும். ஆயிரக்கணக்கான இழைகளுக்கு நடுவே அறுந்த ஒன்றை எங்கள் வீட்டுப் பெண்கள் விரலால் தேடிப் பிடித்து முடி போடுகிற அதே கை என்று எனக்குப் பட்டது.

கரையேறிய ஒரு பாட்டியிடம் எங்கள் சின்னவள் கேட்டாள்: "ஆயா, கையைக் கடிக்காதா?"

"இறாலு என்னா கடிக்கும் கண்ணு, லேசா குத்தும். நண்டு கடிக்கும். கெளுத்தி முள்ளு ஏறிச்சின்னாத்தான் ராத்திரி தூக்கம் போயிடும்."

கெளுத்தி முள் எங்கள் ஏரிப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். அங்கிருந்து பேச்சு தானாக வளர்ந்தது.

பிள்ளைகள் வந்ததே தூண்டில் போடத்தான். ஊர் ஏரியில் மண்புழு கோத்து ஜிலேபியும் கெண்டையும் பிடித்துப் பழகியவர்கள். இங்கே இறால் துண்டு. குப்பத்துப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் காட்டிய கரையில் மட்டும் போட்டோம். ஏரி பறவைகள் சரணாலயம் என்பதாலும், பிறர் பிழைப்பு என்பதாலும், கேட்காமல் ஒரு முள்ளைக்கூடத் தண்ணீரில் போடக்கூடாது. முதலில் ஏறியது உள்ளங்கை அளவு கீச்சான். முதுகு முள்ளை விறைத்துக்கொண்டு கர் கர் என்று சத்தம் போட்டது. மீன் சத்தம் போடும் என்பதை நம்பாத பெரியவன் அதைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டுத் தண்ணீரில் விட்டான். மதியம் ஒரு கிழங்கான், இரண்டு மடவை. குழம்புக்குப் போதவில்லை. மீதியைக் குப்பத்திலேயே பேரம் பேசாமல் வாங்கினோம்.

பறவைகளுக்கு மார்கழி, தை, மாசி நல்ல காலம். தமிழ்நாட்டுப் பகுதியில் அண்ணாமலைச்சேரி பக்கமும், ஆந்திரத்தில் சூளூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலையின் இரு பக்கமும் பூநாரைகளைப் பார்க்கலாம். ஐந்தடி வரை நிற்கும் பறவை, தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்று நீரில் ஓட்டுகிறது. அலகின் ஓரத்தில் உள்ள மெல்லிய சல்லடை தண்ணீரை வெளியேற்றி, சிற்றுயிர்களையும் பாசியையும் உள்ளே நிறுத்திக்கொள்கிறது. அந்த இரையிலிருந்துதான் இளஞ்சிவப்பு நிறமே வருகிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். இந்தியாவில் இவை கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் உவர்நிலம். கூழைக்கடாவும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் ஆலாவும் உண்டு. பைனாகுலர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, விடியற்காலையில் அசையாமல் உட்காரத் தெரிந்தால் போதும். கூட்டம் ஒரே நேரத்தில் பறப்பதைப் படம் பிடிக்கக் கை தட்டுகிறவர்களை அங்கே பார்த்தேன். கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வரும் பறவைகளும் அதில் உண்டு. இரை தேடும் நேரத்தில் அவற்றை விரட்டுவது கொடுமை.

நெசவுக் குடும்பம் என்பதால் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தையும் பார்க்காமல் வர முடியாது. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கடற்கரையில் அவர்களுடைய தலைமையிடம் இதுவே. அவர்கள் வந்தது மீனுக்கல்ல, துணிக்கு. இங்கிருந்து போன துணியைக் கொடுத்துத்தான் கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கினார்கள். ஊர்ப் பெயரையே தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டையும் கைலியும் கடல் கடந்தன. அதே கப்பல்களில் அடிமைகளாக மனிதர்களையும் ஏற்றினார்கள் என்பதையும் பிள்ளைகளிடம் சொன்னேன். கல்லறைத் தோட்டத்து வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் நிற்கின்றன. துணி நெய்தவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை.

இனி ஏரியின் நோவு. இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து மறுபடி கடலுக்குப் போகிறது. அந்த வாசலை மணல் மூடினால் குஞ்சு வராது, கோடையில் தண்ணீர் உப்பேறிக் கெடும், பாடும் படுக்கும், பறியும் காலியாகும். மணல் மேடிடுவது இங்கே ஓயாத தொல்லை. மீனவர்கள் தாங்களே வெட்டித் திறந்த காலமும் உண்டு. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் வளர வளர, கரை அரிப்பையும் மணல் இடம் மாறுவதையும் பற்றிய அச்சம் ஒவ்வொரு குப்பத்திலும் பேச்சாக இருக்கிறது. அந்த அச்சம் நியாயமானது என்றே நினைக்கிறேன். இந்த ஏரி கெட்டால் வேறு தொழிலுக்கு மாற ஒரு குப்பத்துக்கு எத்தனை வழி இருக்கிறது என்று கரையிலிருந்து திட்டம் போடுகிறவர்கள் நேரில் வந்து பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் குடும்பமாக வந்தவர்களை ஏற்றிச் சென்ற படகு பழவேற்காட்டில் கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள். அதன்பிறகு சுற்றுலாப் படகு சவாரிக்குத் தடை வந்தது. ஆனாலும் கரையில் நின்றால் யாராவது வந்து கூப்பிடுவார்கள். முகத்துவாரத்தில் நீரோட்டம் வலுத்திருப்பது நீங்கள் போகிற அதே அமாவாசை நாட்களில்தான். ஏறாதீர்கள், பிள்ளைகள் அழுதாலும் ஏறாதீர்கள். கரையில் பார்க்கவே இரண்டு நாள் போதாது. மீனைக் குப்பத்தில் வாங்குங்கள், பனையோலைக் கூடை முடையும் பெண்களிடம் ஒரு கூடை வாங்குங்கள், குப்பையை உங்களோடு எடுத்து வாருங்கள்.