பழைய லாரியைத் தெரிந்து வாங்குதல்

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு ஆகிய ஊர்களின் வழியே பிரயாணம் செய்வோர், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளையும், டயர்க் கடைகளையும், சுமைக்குக் காத்து நிற்கும் வண்டிகளையும் சாலையோரங்களிற் காண்பர். இவ்வூர்களில் பல வண்டிகளை உடைய செல்வரும் உளர். ஒரே வண்டியை வைத்து, அதனைத் தாமே ஓட்டிச் சீவிப்பவரும் உளர். பின்னவர் முதன்முதல் வாங்குவது பெரும்பாலும் பிறர் ஓட்டிய பழைய வண்டியே. டிரைவராகப் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருளும், மனைவியின் நகையும், சிற்சில வேளை பூர்வீக நிலமும் அதற்கு முதலாகின்றன. அவ்வண்டியை ஆராய்ந்து தெரிந்தெடுக்கும் வகையை இவ்வியாசத்தில் ஒருவாறு விளக்கப் புகுகின்றோம். இப்பொருள் கல்லூரி மலருக்கு ஏற்றதோ என ஐயுறுவார்க்கு, நம் மாணவருட் சிலருடைய கல்விச்செலவு இச்சக்கரங்களின்மேல் உருண்டு வருகின்றது என்பதே எமது விடை.

பத்து வண்டியுடையவனுக்கு ஒன்று பட்டறையில் நின்றால் மற்றை ஒன்பதும் அவனைத் தாங்கும். ஒரே வண்டியுடையவனுக்கோ, வண்டி நின்றால் வருவாய் முழுதும் நின்றது. மாதத் தவணை மாத்திரம் நில்லாது. ஆகலின் அவன் தேட வேண்டுவது குறைந்த விலையுடைய வண்டியன்று, குறைந்த நாட்கள் நிற்கும் வண்டியே. ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மாதம் 8,000 கிலோமீட்டர் ஓடும் வண்டியொன்று லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தந்தால் 2,000 லிட்டர் டீசல் செல்லும். மூன்றரைக் கிலோமீட்டரே தந்தால் ஏறக்குறைய 2,286 லிட்டர் செல்லும். லிட்டர் 90 ரூபாய் எனக் கொள்ளின், மாதந்தோறும் 25,700 ரூபாய் வீண். ஓராண்டில் 3 லட்சத்துக்கும் மேல். இரண்டு லட்சம் மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்ந்தவனுடைய மகிழ்ச்சி ஆண்டு முடியும்வரை நிலைப்பதில்லை.

வண்டியைப் பார்க்கச் செல்லுங் காலம் விடியற்காலையாதல் உத்தமம். எஞ்சினை ஓட்டுமுன் அதன்மேற் கையை வைத்துப் பார்க்க வேண்டும். அது சூடாயிருப்பின், நாம் வருமுன்னரே ஓட்டி வைத்திருக்கின்றனர். குளிர்ந்த நிலையில் அது எளிதில் கிளம்பாது என்பதை மறைக்கவே பலர் அவ்வாறு செய்வர். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியபின் புகையை நோக்குக. நீலப்புகை, எண்ணெய் எரிகின்றது எனக் காட்டும். இடைவிடாத கரும்புகை, டீசல் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாதாயின், டீசல் முற்றும் எரியவில்லை, அல்லது ரேடியேட்டர் நீர் எரியறைக்குட் கசிகின்றது. ஓடும் எஞ்சினின் எண்ணெய் மூடியைக் கவனமாய்த் திறந்து பார்க்க, அங்கிருந்து ஆவி விசையோடு எழுமாயின், பிஸ்டன் வளையங்களும் லைனரும் தேய்ந்தன எனக் கொள்ளலாம். எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. அவ்வண்டியை விட்டுத் திரும்புவதே நலம்.

2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளுக்குப் பிறிதொரு சோதனையும் வேண்டும். அவை பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகை விதிக்கு அமைந்தவை. அவற்றின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எப். என்னும் வடிகட்டி உண்டு. யூரியாக் கரைசலைத் தெளிக்கும் கருவியும் உண்டு. பிடித்த கரி அவ்வப்போது மிகுந்த வெப்பத்தால் எரிந்து தீர வேண்டும். நெடுந்தூரம் ஓடும் வண்டியில் அவ்வெப்பம் இயல்பாய் உண்டாகின்றது. ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டியில் உண்டாவதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆதலின் மீட்டரில் குறைந்த எண் காட்டும் உள்ளூர் வண்டியினும், மிகுந்த எண் காட்டும் நெடுஞ்சாலை வண்டி நல்லதாயிருத்தல் கூடும். மீட்டரைத் திருத்துவாரும் உலகில் உளர். பிரேக் பெடலின் தேய்ந்த ரப்பரையும் சர்வீஸ் பில்களையும் அதனோடு ஒப்புநோக்குதல் வேண்டும். சாவியைத் திருப்பியவுடன் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, பின் அணைகின்றனவா என்றும் பார்க்க. எரியாத விளக்கு நோயின்மையைக் காட்டாது. எவரோ அதன் வாயை அடைத்தனர் எனவுங் கொள்ளலாம்.

புதுப் பெயின்டைக் கண்டு மயங்கலாகாது. வெள்ளையடித்த கல்லறைகளைக் குறித்து வேதத்தில் வாசித்தவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வண்டியின் அடியிற் புகுந்து, சேசிஸ் சட்டத்தில் வெடிப்போ, பின்னர் வைத்த வெல்டிங்கோ உளதா எனவும், ஸ்பிரிங் பட்டைகள் ஒடிந்துளவா எனவும் ஆராய வேண்டும். அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றிய வண்டி தன் சரித்திரத்தை அங்கேதான் எழுதி வைத்திருக்கும். முன் டயர் ஒருபுறமாய்த் தேய்ந்திருப்பின், அச்சை ஜாக்கியால் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பார்த்துக் கிங்பின்னைச் சோதிக்க. காற்று நிரம்பியபின் எஞ்சினை நிறுத்திப் பிரேக்கை மிதித்தவண்ணமிருக்க, முள் விரைந்து இறங்குமாயின் எங்கோ கசிவு உண்டு.

இனி, வண்டியினும் காகிதங்களே மிகுதியாக ஆளைக் கெடுப்பன. சேசிஸிலும் எஞ்சினிலும் பொறித்த எண்களை ஆர்.சி. புத்தகத்தோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுக. அதில் கடன் கொடுத்த கம்பெனியின் பெயர் இருப்பின், கடன் தீர்ந்ததற்கான அதன் கடிதமும், கையொப்பமிட்ட 35-ஆம் படிவமும் கைக்கு வருமுன் முழுத்தொகையைக் கொடுத்தல் ஆகாது. “மீதித் தவணையை நீரே கட்டிக்கொள்ளும், பெயரைப் பிறகு மாற்றலாம்” என்னும் ஏற்பாடு நம் நாட்டிற் பெருவழக்கு. விற்றவர் வேறொரு கடனில் தவறினால் நடுவழியில் வண்டி பறிபோவதும் அதனாலேயே. பெயர் மாற்றத்துக்கு 29, 30-ஆம் படிவங்கள் வேண்டும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். பதிவேட்டிற் பெயருள்ளவரே விபத்து நட்டஈட்டுக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்த்தமையால், விற்பவருக்கும் இதில் அச்சம் இருத்தல் வேண்டும். அவ்வச்சம் இல்லாதவரிடத்து நாம் அஞ்ச வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். சாலைவரி பாக்கியையும், கட்டாத அபராதங்களையும் அரசாங்கத்தின் வாகன் இணையதளத்தில் முன்னரே பார்த்துக்கொள்ளலாம். எட்டாண்டு கடந்த வண்டிக்கு எப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். வெளிமாநிலம் செல்ல நேஷனல் பர்மிட் பெறுதற்கு வயது வரம்பும் உண்டு: பல அச்சில்லாத வண்டிக்கு 12 ஆண்டு, பல அச்சு வண்டிக்கு 15. பதினோராண்டு ஆன இரண்டச்சு வண்டியை வடநாட்டுச் சுமைக்கென்று வாங்குபவர் ஓராண்டுத் தொழிலையே வாங்குகின்றனர்.

எந்தக் கம்பெனி வண்டி சிறந்தது என்னும் வினாவுக்கு யாம் சொல்வது, அவரவர் ஓடும் வழியில் எதற்கு உதிரிப்பாகமும் மெக்கானிக்கும் விரைவிற் கிடைக்குமோ அதுவே என்பதாம். பரிசோதிக்க வரும் மெக்கானிக் விற்பவர் அனுப்பியவராயிருத்தல் ஆகாது; அவருக்குக் கூலி கொடுப்பவர் நாமாதல் வேண்டும். கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாமல், ஒரு கிளச்சுக்கும் இரண்டு டயருக்குமேனும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, முதற் சுமை ஏற்றுமுன் எண்ணெய், வடிகட்டிகள், பெல்ட்டுகள், ரேடியேட்டர் ஹோஸ்கள் ஆகியவற்றைப் புதிதாக மாற்றிவிடுதல் வேண்டும்.