தறி மாறிய வாரம்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எனக்குப் பழக்கமான நெசவாளர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருடமாகக் குழித்தறியில் உட்கார்ந்தவர். போன மாதம் ஒரு காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நாடாவில் நூல் தீர்ந்தது. பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், வலக்கையை நீட்டித் தரையைத் தடவினார். தார் டப்பா, அதாவது நூல் சுற்றிய குச்சிகள் இருக்கும் டப்பா, அங்கே இல்லை. கரையைச் சேர்த்து நெய்யும் கோர்வை போடக் கூடவரும் ஆள் வலப்பக்கம் காலை நீட்டி உட்கார இடம் போதவில்லை என்று அன்று விடிகாலையில்தான் டப்பாவை இடப்பக்கம் நகர்த்தியிருந்தார்கள். நகர்த்தியது வேறு யாருமில்லை, அவரேதான்.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு தடவை கை வலப்பக்கமே போனது. நான்காவது தடவை அவருக்கே கோபம் வந்துவிட்டது. "எனக்குத் தெரியுது தம்பி, கைக்குத் தெரியலையே!"

எனக்கு 2017 நவம்பர் ஞாபகத்துக்கு வந்தது. உலகம் முழுக்கக் கணினிப் பாதுகாப்பில் கொஞ்சம் கவனமாக இருப்பவர்கள் பலர் ஒரே வாரத்தில் இதே கோபத்தில் இருந்தார்கள். அவர்களுடைய தார் டப்பாவின் பெயர் நோஸ்கிரிப்ட்.

அது என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இணையப் பக்கம் ஒன்றைத் திறப்பது செய்தித்தாளைப் பிரிப்பது போன்ற காரியம் அல்ல. திறந்த நொடியில் எங்கிருந்தோ வரும் சிறுசிறு நிரல்கள் நம் கணினியில் ஓட ஆரம்பிக்கின்றன. பெரும்பாலும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியில் எழுதப்பட்டவை. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதி முடித்த மொழி அது. மெனு விரிவதும் படம் நகர்வதும் அதனால்தான். நாம் எதைப் பார்க்கிறோம் என்று ஒற்றறிவதும், கெட்ட எண்ணத்தோடு யாராவது உள்ளே நுழைவதும் பெரும்பாலும் அதே வழியில்தான்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலேர்மோ நகரத்துக்காரரான ஜார்ஜோ மவோனே 2005இல் ஃபயர்பாக்ஸ் உலாவிக்காக ஒரு நீட்சி எழுதினார். ஆட்-ஆன் என்கிறோமே, அது. அதன் வேலை ஒன்றுதான்: எந்த நிரலையும் ஓடவிடாதே, நான் பெயர் சொல்லி அனுமதிப்பவற்றைத் தவிர. வாசலில் உட்கார்ந்து, தெரியாத முகமென்றால் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்கும் பாட்டி மாதிரி. அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் உலாவியிலும் இது உள்ளேயே வைத்துத்தான் தரப்படுகிறது.

சோதித்துப் பார்க்கலாமே என்று, காஞ்சிப் பட்டு விற்கும் ஒரு கடையின் தளத்தை நோஸ்கிரிப்ட் போட்ட உலாவியில் திறந்தேன். சேலைகள் இருக்க வேண்டிய இடமெல்லாம் வெற்றுக் கட்டங்கள். மூலையில் இருக்கும் 'எஸ்' எழுத்துச் சின்னத்தைத் தட்டினால் யார் யார் உள்ளே வரக் காத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல். விரலை மடக்கி எண்ணினேன், ஒரு கை போதவில்லை. அதில் கடையின் பெயர் ஒன்றே ஒன்று. மற்றவை விளம்பரம், வருகைக் கணக்கு, பணம் செலுத்தும் வசதி, எழுத்துரு, யாருடையது என்றே புரியாத இரண்டு. கடையின் பெயரை மட்டும் அனுமதித்தேன். சேலைகள் வந்துவிட்டன. மற்றவர்கள் வாசலிலேயே நின்றார்கள்.

பழைய நோஸ்கிரிப்டில் இந்த வேலைக்குக் கண்கூட வேண்டாம். சுட்டியைச் சின்னத்தருகே கொண்டுபோனாலே பட்டியல் விரியும்படி வைத்துக்கொள்ளலாம். 'அனுமதி', 'தற்காலிகமாக அனுமதி' என்று வாக்கியமாகவே எழுதியிருக்கும். எந்த வரி எங்கே இருக்கும் என்று பன்னிரண்டு வருடத்தில் கைக்கு மனப்பாடம்.

2017 நவம்பர் 14 அன்று ஃபயர்பாக்ஸின் 57ஆம் பதிப்பு வந்தது. குவாண்டம் என்று பெயர் வைத்தார்கள். வேகம் கூடியது. ஆனால் பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகள் எல்லாம் அன்றோடு நின்றுபோயின. ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லா இதைத் திடீரென்று செய்யவில்லை. 2015 ஆகஸ்டிலேயே அறிவித்திருந்தது. காரணமும் நியாயமானது. பழைய நீட்சிகள் கூட்டுக்குடும்பத்து ஆட்கள் மாதிரி, உலாவியின் எந்த அறைக்குள்ளும் போகலாம், சமையல்கட்டில் புகுந்து எதையும் மாற்றி வைக்கலாம். நல்லவருக்கு அது வசதி. கெட்டவன் ஒருவன் அதே உரிமையோடு வந்தால் வீடே போயிற்று. புதிய முறையில் நீட்சி குடித்தனக்காரர். என்னென்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு, கொடுத்த அறையில் இருந்துகொள்ள வேண்டும்.

ஆக மவோனேவிடம் சேலையின் வடிவத்தை மாற்று என்று யாரும் சொல்லவில்லை. தறியையே எடுத்துவிட்டு வேறு தறி வைத்தார்கள். அதே சேலையை அதில் நெய்ய வேண்டும். சுட்டி அருகில் வந்ததும் விரியும் பட்டியல் புதிய தறியில் முடியாது, தட்டினால்தான் திறக்கும். பழைய பாணி மெனுவும் வராது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து, இங்கே கார்த்திகை பிறந்து சபரிமலைக்கு மாலை போட்டுக்கொண்டிருந்த நாட்களில், நோஸ்கிரிப்டின் 10ஆம் பதிப்பு வந்தது.

பயன்படுத்தியவர்கள் கொதித்தார்கள். வாக்கியம் இருந்த இடத்தில் சின்னங்கள். ஒவ்வொரு தளத்தின் பெயருக்கு எதிரேயும் ஒரு வரிசைப் பொத்தான்கள்: இயல்புநிலை, நம்பகமானது, நம்பத்தகாதது, என் விருப்பப்படி. தற்காலிக அனுமதிக்கு ஒரு குட்டிக் கடிகாரம், அதை அழுத்த வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். எல்லாவற்றையும்விடப் பெரிய குழப்பம் பக்கத்தில் இருந்த பூட்டு. பச்சையாகவும் சிவப்பாகவும் மாறும். பச்சை என்றால் இந்தத் தளம் பாதுகாப்பானது என்று சிலர் எடுத்துக்கொண்டார்கள். பூட்டியிருக்கிறது, அப்படியானால் தடுத்தாயிற்று என்று சிலர். இரண்டும் தவறு. 'நீ கொடுத்த அனுமதி மறையாக்கம் செய்த இணைப்புக்கு மட்டும் பொருந்துமா, சாதாரண இணைப்புக்கும் பொருந்துமா' என்பதைத்தான் அது சொன்னது. இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தலை சுற்றினால், அவசரத்தில் ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மவோனே சும்மா இருக்கவில்லை. அடுத்தடுத்துத் திருத்தப் பதிப்புகள் வந்துகொண்டே இருந்தன. இருந்தாலும் பலர் பழைய ஃபயர்பாக்ஸுக்கே திரும்பிப் போனார்கள். நீண்டகால ஆதரவு கொண்ட 52ஆம் பதிப்பில் பழைய நோஸ்கிரிப்ட் 2018 செப்டம்பர் வரை ஓடியது. 57க்கு முந்தைய 56ஆம் பதிப்பிலேயே தங்கியவர்கள் செய்ததுதான் விசித்திரம். பாதுகாப்புக் கருவி பிடிக்கவில்லை என்பதற்காக, பாதுகாப்புத் திருத்தங்கள் வராத உலாவியில் உட்கார்ந்தார்கள். கதவு பிடிக்கவில்லை என்று சுவர் இல்லாத வீட்டுக்குக் குடிபோன கதை.

"ஜனங்களுக்கு மாற்றம் என்றாலே பிடிக்காது, நாலு நாளில் பழகிவிடும்" என்று தொழில்நுட்பக்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கை பழகுவது மூளையில் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் அப்படிப் பேசமாட்டார்கள்.

அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்று ஒருவர். வலிப்பு நோய்க்காக 1953இல் அவருக்கு மூளையில் அறுவை செய்தார்கள். வலிப்பு குறைந்தது, கூடவே புதிதாக எதையும் நினைவில் வைத்துக்கொள்ளும் திறனும் போய்விட்டது. சந்தித்தவரை ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்துக்கொண்டே கோட்டின் மேல் வரையச் சொன்னார். முதலில் யாருக்குமே கோணலாகத்தான் வரும். மூன்று நாள் பழகியதில் மொலைசனின் கை தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு தடவையும், இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் அவர் சொன்னார். அவருக்குத் தெரியவில்லை, கைக்குத் தெரிந்தது! நம் அண்ணன் சொன்னதைத் திருப்பிப் போட்டால் இதுதான். 'தெரிந்துகொள்வது' ஒரு கிடங்கு, 'பழகுவது' வேறொரு கிடங்கு. டப்பா இடம் மாறிய செய்தி முதல் கிடங்குக்கு உடனே போய்விடும். இரண்டாவதற்கு அது செய்தியாகப் போவதே இல்லை, நூறு தடவை கை தடவித் தடவித்தான் போய்ச் சேரும்.

தறியில் கை தவறினால் ஒரு நிமிடம் வீண். பாதுகாப்புக் கருவியில் கை தவறினால் தெரியாதவனை உள்ளே விட்டுவிடுவோம். அதனால் இங்கே கைப்பழக்கம் வசதிக்கான விஷயம் மட்டுமல்ல, அதுவே காவலின் ஒரு பகுதி. 1975இல் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரண்டு கணினி அறிஞர்கள் பாதுகாப்பு வடிவமைப்புக்கு எட்டு விதிகள் எழுதினார்கள். அனுமதி சொல்லாதவரை மறுப்பு என்பது அவற்றில் ஒன்று. நோஸ்கிரிப்டின் உயிரே அந்த விதிதான். கடைசி விதி, மனத்துக்கு ஒத்துவர வேண்டும் என்பது. பாதுகாப்பான வழியே பழக்கமான வழியாகவும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மனிதர்கள் தவறு செய்வார்கள். 10ஆம் பதிப்பு வந்த நாட்களில் மறுப்பு விதி அப்படியே இருந்தது, கடைசி விதி உடைந்தது. பொறுமை இழந்தவருக்கு மிச்சமிருந்த சுலபமான வழி, இந்தப் பக்கத்துக்கு எல்லாரையும் விட்டுவிடு என்று ஒரே தட்டாகத் தட்டுவது.

இது நோஸ்கிரிப்டோடு பிறந்த சிக்கல் அல்ல. 1999இல் வெளியான ஓர் ஆய்வில் அல்மா விட்டனும் டைகரும் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, பிஜிபி என்ற மென்பொருளால் ஒரு மின்னஞ்சலைக் கையொப்பமிட்டு மறையாக்கி அனுப்பச் சொன்னார்கள். ஒன்றரை மணி நேரம் கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது. 2013இல் இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்ட எச்சரிக்கைத் திரைகளை அலசிய இன்னொரு ஆய்வு. தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று எச்சரித்தபோது குரோமில் நூற்றுக்கு எழுபது தடவை மீறிப் போனார்கள், ஃபயர்பாக்ஸில் முப்பத்து மூன்று. சொல்லப்பட்ட ஆபத்து ஒன்றே. வித்தியாசத்துக்குக் காரணம் பல, திரையை எப்படி அமைத்தார்கள் என்பதும் அதில் ஒன்று.

பூட்டுக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் காஞ்சிபுரத்துக்காரனுக்கு அது ரொம்பப் பழகிய கதை. காந்தி ரோட்டில் ஒரு கடையில் பக்கத்தில் உட்கார்ந்து சேலை பார்த்த அம்மா ஒருவர் கேட்டார்: "சில்க் மார்க் இருக்கா?" கடைக்காரர் சேலையில் தொங்கிய சீட்டைத் திருப்பிக் காட்டினார். அம்மா திருப்தியாக மகளிடம் திரும்பி, "பாத்தியா, சரிகை சுத்தம், கைத்தறிதான்" என்றார். கடைக்காரர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சேலையை மடிக்க ஆரம்பித்தார்.

மத்தியப் பட்டு வாரியம் 2004இல் கொண்டுவந்த அந்தச் சீட்டு சொல்வது ஒன்றுதான்: நூல் அசல் பட்டு. சரிகையில் வெள்ளி இருக்கிறதா என்று அது சொல்லாது. விசைத்தறியா கைத்தறியா என்றும் சொல்லாது. கைத்தறிக்கு 2006இல் வந்த முத்திரை தனி. ஊரின் பெயருக்கான புவிசார் குறியீடு தனி. ஒரு சின்னம் ஒரு கேள்விக்குப் பதில் சொல்கிறது, பார்ப்பவர் நான்கு கேள்விக்கும் அதையே பதிலாக எடுத்துக்கொள்கிறார். சின்னம் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவும் இல்லை. ஆனாலும் அந்த அம்மா தவறான ஒன்றை நம்பிக்கொண்டு படி இறங்கினார்.

உலாவியின் முகவரிப் பட்டையில் இருந்த பூட்டும் இப்படித்தான். வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை. மறுமுனையில் இருப்பவன் திருடனா என்பது அதற்குத் தெரியாது. மோசடித் தளமும் பூட்டு மாட்டிக்கொள்ளும். 2021இல் கூகுள் நடத்திய ஆய்வில் பூட்டின் சரியான பொருளைச் சொன்னவர்கள் நூற்றுக்குப் பதினொரு பேர். 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டு, கட்டுப்பாட்டுக் குமிழ்கள் போன்ற ஒரு சாதாரணச் சின்னத்தை வைத்தார்கள். இருபது வருடமாகப் 'பூட்டு இருக்கிறதா பாருங்கள்' என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

அதனால் 2017இல் நோஸ்கிரிப்டைத் திட்டியவர்கள் பாதி சரி என்பேன். இடம் மாறியதற்காகத் திட்டியதில் நியாயமில்லை, தறியே மாறிவிட்டது, வேறு வழி இருக்கவில்லை. ஆனால் வாக்கியத்தை எடுத்துவிட்டுச் சின்னம் வைத்ததும், ஏற்கெனவே வேறு பொருளில் எல்லார் மனதிலும் பதிந்திருந்த பூட்டை இங்கே புதுப் பொருளில் மாட்டியதும் தவிர்த்திருக்கக்கூடியவை. தனி ஆளாக, கெடு முடிந்த வாரத்தில், லட்சக்கணக்கானவர் காத்திருக்க எழுதியவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

பழைய பதிப்புக்குப் போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள். 2019 மே மாதம் மோசில்லாவின் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, ஃபயர்பாக்ஸ் நீட்சிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அணைந்தன. டோர் உலாவியில் இருந்த நோஸ்கிரிப்டும் சேர்ந்து அணைந்தது. அப்போது எழுந்த கூக்குரலில் பொத்தான் எங்கே, பூட்டின் நிறம் என்ன என்ற பேச்சே இல்லை. எப்போது திரும்பி வரும் என்பது மட்டும்தான் கேள்வி.

நேற்று சாயங்காலம் பிள்ளையார்பாளையம் போயிருந்தேன். மூன்று வாரம் ஆகியிருந்தது. முகூர்த்தச் சேலை, முந்தி பாதி ஏறியிருந்தது. நாடாவில் நூல் தீர்ந்ததும் அண்ணன் கை இடப்பக்கம் போய்த் தாரை எடுத்து வந்தது. "பழகிடுச்சா?" என்றேன். "எது?" என்றார். டப்பாவை நகர்த்தியதே மறந்திருந்தது. விளக்குப் போடும் நேரம் கரண்ட் போயிற்று. அந்த இருட்டில் நூல் தீர்ந்தபோது கை வலப்பக்கம் போய், கூட உட்கார்ந்திருந்தவரின் முழங்காலைப் பிடித்தது. மூன்று பேரும் சிரித்தோம்.