மீதிப் பேர் எங்கே போனார்கள்?

'இந்தியாவில் 52 லட்சம் பேருக்கு ஹெச்.ஐ.வி.!' - 2006-ல் அரசு சொன்ன கணக்கு இது. 2007 ஜூலையில் அதுவே 25 லட்சம் ஆனது. மீதிப் பேர்?

எங்கேயும் போகவில்லை, முதலிலேயே இல்லை!

முன்பு கணக்குப் போட்டது, பெரும்பாலும் அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் கர்ப்பிணிகளின் ரத்தத்தைப் பெயர் இல்லாமல் டெஸ்ட் செய்துதான். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் ஊரே சீக்காளியாகத்தானே தெரியும்? 2005-06 தேசிய குடும்பநல ஆய்வில், வீடு வீடாகப் போய் ஒரு லட்சம் பேருக்கு மேல் ரத்தம் எடுத்தபோதுதான் நிஜம் புரிந்தது.

அப்படியானால் கர்ப்பிணிகள் கணக்கு வேஸ்ட்டா? இல்லை சார்! நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று அதுதான் காட்டும். குறிப்பாக, 15-24 வயதுப் பெண்கள். இந்த வயதில் கிருமி இருந்தால், அநேகமாக அது சமீபத்தில் தொற்றியது. தென் மாநிலங்களில் 2000-ல் இவர்களில் 1.7 சதவிகிதம் பேருக்கு இருந்தது, 2004-ல் 1.1 ஆக இறங்கியது. ஆண்களிடம் காண்டம் உபயோகம் கூடியது காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஆக, டெஸ்ட் எழுதியது பெண்கள். மார்க் வாங்கியது நாம்!

ஆனால், உங்கள் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை ஊர்க் கணக்கு சொல்லாது. அதற்கு அரசு ஆஸ்பத்திரி 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. டெஸ்ட் இலவசம்... ரகசியம். லீவு போடக்கூட வேண்டாம், கொஞ்ச நேரம் பர்மிஷன் போதும்!